புதுக் கம்பிவடம், பழைய பட்டை: மலாக்கா நீரிணையில் ஒரு ஷ்ரவுட் முறிவு

பின்னணி

லங்காவியில் கரையேற்றி வைத்திருந்த 31 அடி ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகு ஒன்றை, மலேசியத் தமிழ்த் தம்பதியர் ஒரு ஜனவரி மாதத்தில் வாங்கினார்கள். 1980களின் தொடக்கத்தில் கட்டிய படகு. எடை சுமார் 5 டன். அலுமினியப் பாய்மரம் டெக்கின் (படகின் மேல்தளம்) மேலேயே ஊன்றியது. படகைப் போர்ட் டிக்சனுக்குக் கொண்டுபோய் அங்கேயே வைத்துக்கொள்வது அவர்கள் திட்டம். இருவரும் டிங்கி எனும் சிறு படகுகளில் பாய் ஓட்டிப் பழகியவர்கள். கீல் (அடியில் கனத்த சமநிலைத் துடுப்பு) உள்ள படகு சொந்தமாக வாங்குவது இதுவே முதல்முறை. நெடுந்தூரக் கடற்பயணம் பழகிய நண்பர் ஒருவர் பயணத்துக்கு மட்டும் உடன் வந்தார்.

இதற்கு முன் ஒரு 38 அடி கெட்ச்சையும் ஒரு கட்டரையும் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டிருந்தார்கள். கெட்ச்சில் இரண்டு பாய்மரங்கள். பின்னாலுள்ள குட்டை மரம் சுக்கான் தண்டுக்கு முன்னால் நிற்கும். அது தண்டுக்குப் பின்னால் நின்றால் யால் என்பார்கள். பாய்ப்பரப்பு பிரிந்திருப்பதால் ஒவ்வொரு பாயையும் கையாள்வது எளிது. பலத்த காற்றில் பெரும்பாயை இறக்கிவிட்டு, முன்பாயும் பின்மரப் பாயுமாக ஓட்டலாம். ஆனால் பழைய படகில் இரண்டு மரம் என்றால் மாற்றவேண்டிய கம்பிவடங்களும் ஏறக்குறைய இரட்டிப்பு. கட்டரில் மரம் ஒன்று, முன்பாய் இரண்டு. உள் முன்பாயின் இழுப்பைத் தாங்கப் பல படகுகளில் தனிப் பின்வடங்களும் வேண்டியிருக்கும். வாங்கிய படகு ஸ்லூப் வகை: ஒரு மரம், ஒரு பெரும்பாய், ஒரு முன்பாய், அவ்வளவுதான். இருவர் மட்டும் கரையோரமாக ஓட்டும் படகுக்கு ஸ்லூப் சரியான தேர்வு.

ஸ்லூப்பிலும் எந்த வகை என்பது பின்னால் நடந்ததற்கு முக்கியம். இது மாஸ்ட்ஹெட் ரிக். மரத்தை முன்னும் பின்னும் இழுத்துப் பிடிக்கும் வடங்களான முன்பக்க ஸ்டே, பின்பக்க ஸ்டே இரண்டும் மரத்தின் உச்சியில் பிடிக்கின்றன. மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கும் வடங்கள் ஷ்ரவுட்கள். பக்கத்துக்கு ஒரு கேப் ஷ்ரவுட், மரத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் ஸ்ப்ரெடர் தண்டின் நுனியைத் தொட்டுக்கொண்டு உச்சிக்குப் போகிறது. ஸ்ப்ரெடரின் அடியில் மரத்தைப் பிடிக்கும் கீழ் ஷ்ரவுட்கள் பக்கத்துக்கு இரண்டு, ஒன்று முன்சாய்வாக, ஒன்று பின்சாய்வாக. ஆக 8 வடங்கள். முன் ஸ்டே உச்சிக்குக் கீழே பிடிக்க, பின்னோக்கிச் சாய்ந்த ஸ்ப்ரெடர்களோடு வரும் ஃபிராக்‌ஷனல் ரிக்கில், பக்கத்துக்கு ஒரே ஒரு கீழ் ஷ்ரவுட் வைத்த படகுகள் பல உண்டு. அவற்றில் காற்றுப்புறத்துக் கீழ் ஷ்ரவுட் அறுந்தால் மரத்தின் நடுப்பகுதிக்கு அந்தப் பக்கம் பிடிமானமே இருக்காது.

வாங்குமுன் ஆய்வில் கண்டவை

ஆய்வாளரின் அறிக்கை கறாரானது. கம்பிவடங்கள் எப்போது போட்டவை என்பதற்குப் பதிவு இல்லை. வடங்களை இறுக்கும் மரையிட்ட டர்ன்பக்கிள்களில் இரண்டு இறுகிப்போய்த் திரும்பவில்லை. கீழ்முனைகளில் அழுத்திப் பூட்டிய ஸ்வேஜ் உறைகள் இரண்டில் முடியிழை போன்ற நெடுக்கு விரிசல். வலப்புற ஷ்ரவுட்களைச் சுற்றி டெக்கில் ஈரமானி உயர்ந்த அளவு காட்டியது; அதற்கு நேர் கீழே, உள்ளறைத் தடுப்புப் பலகையில் பழுப்புத் தண்ணீர்க் கறை.

செயின்பிளேட்கள் பற்றி அறிக்கை சொன்னது இவ்வளவுதான்: வெளியே தெரியும் பகுதி திருப்திகரம், கழற்றிப் பார்க்கவில்லை, கழற்றிப் பார்ப்பது நல்லது. செயின்பிளேட் என்பது ஷ்ரவுட்டின் அடிமுனையைப் படகின் உடலோடு இணைக்கும் எஃகுப் பட்டை. இந்தப் படகில் அது டெக்கைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கி, ஒட்டுப்பலகைத் தடுப்பில் நான்கு போல்ட்டுகளால் பிடித்திருந்தது. டெக்குக்கு மேலே தெரிவது ஊசி நுழையும் காதுப்பகுதி மட்டும். டெக்கின் கனத்துக்குள் புதைந்திருக்கும் இரண்டு சென்டிமீட்டரைக் கழற்றாமல் யாராலும் பார்க்க முடியாது.

காப்பீட்டு நிறுவனம் கேட்டது வேறொன்று: கம்பிவடங்களைப் புதிதாக மாற்றிய ரசீது. பத்தாண்டு தாண்டிய வடங்களுக்கு இப்படிக் கேட்பது பரவலான வழக்கம்.

ரிக்கிங் வேலையும் அப்போது எடுத்த முடிவும்

பிப்ரவரி இறுதியில் கிரேன் வைத்து மரத்தை இறக்கினார்கள். எட்டு வடங்களும் மாறின. ஸ்டேக்களுக்கும் கேப் ஷ்ரவுட்களுக்கும் 7 மி.மீ., கீழ் ஷ்ரவுட்களுக்கு 6 மி.மீ., எல்லாம் 19 இழைகள் முறுக்கிய 316 தர எஃகு. இவ்வகை வடத்தில் 6 மி.மீ. சுமார் 2.8 டன்னிலும் 7 மி.மீ. சுமார் 3.5 டன்னிலும் அறும். டர்ன்பக்கிள்களும், அவற்றைப் பட்டையோடு பூட்டும் கிளெவிஸ் ஊசிகளும் புதியவை. பழைய டர்ன்பக்கிள்களில் பிளவு ஊசிகளை மூடிச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் டேப்புகளை உரித்தபோது உள்ளே கறுத்த அரிப்பு இருந்தது. பாய் கிழியாதிருக்க ஊசிமுனையை மறைப்பது சரியே. ஆனால் டர்ன்பக்கிள் முழுவதையும் டேப்பால் பொதிந்தால் உப்புத்தண்ணீர் அதற்குள்ளேயே தங்கிவிடும்.

மரத்தை நிறுத்தியபின் இழுவிசை சரிபார்த்தது முறைப்படி நடந்தது. கை இறுக்கத்தில் இருக்கும் வடத்தில் 2 மீட்டர் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இறுக்க இறுக்க அந்த 2 மீட்டர் நீளும் ஒவ்வொரு 1 மி.மீட்டரும் வடத்தின் முறிவுச் சுமையில் 5 சதவீதம். கேப் ஷ்ரவுட்களை 3 மி.மீ. வரை, அதாவது 15 சதவீதம் வரை இறுக்கினார்கள். 7 மி.மீ. வடத்தில் அது சுமார் அரை டன். அந்த அரை டன்னும் செயின்பிளேட்டைத்தான் மேல்நோக்கி இழுக்கிறது.

செயின்பிளேட்களைக் கழற்றுவதா என்ற கேள்வி மரம் இறங்கியிருந்தபோதே எழுந்தது. வேண்டாம் என்று முடிவானதற்குக் காரணங்கள் இருந்தன. போல்ட்டுகள் உள்ளலமாரிகளுக்குப் பின்னால். இருபுறமும் மரவேலையை அறுத்துத் திறக்க வேண்டும். தச்சர் நான்கு நாள் கேட்டார். வடகிழக்குப் பருவக்காற்றின் நல்ல நாட்கள் மார்ச்சோடு முடியும் என்ற அவசரம். வெளியே தெரிந்த காதுகளைத் தேய்த்துப் பார்த்தபோது கண்ணாடிபோல் மின்னின. காப்பீட்டு நிறுவனமும் பட்டைகளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஆகவே மேலிருந்த பழைய சீலண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசி, கசிவு நின்றதாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கடைசி வேலைதான் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அது உரசிப் போனாலும், ஆக்சிஜன் படும்வரை தானாக மறுபடி உருவாகும். காற்றுப் புகாத, உப்பு ஈரம் தேங்கிய இடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது, குளோரைடு செறிகிறது, படலம் உடைந்தால் திரும்ப வளர்வதில்லை. மேலே பூசி அடைத்ததால் ஏற்கெனவே ஊறியிருந்த டெக்கின் பால்சா உள்மரத்து ஈரம் பட்டையைச் சுற்றியே நின்றுவிட்டது. திறந்த காற்றில் நிற்கும் எஃகு பளபளப்பாகவும், ஒரு விரற்கடை கீழே அதே எஃகு வெடித்தும் இருப்பது இதனால்தான்.

பயணம்

மரவேலை தவிர்த்தும் நாட்கள் மிச்சமாகவில்லை. பாய் தைப்பவர் தாமதித்தார். படகு புறப்பட்டபோது ஏப்ரல் இறுதி. மலாக்கா நீரிணையில் சுமத்ராஸ் எனப்படும் சூறைக்காற்றுகள் தொடங்கும் காலம் அது. சுமத்ரா தீவின் பக்கமிருந்து இரவிலும் விடியலுக்கு முன்னும் மேகவரிசையாகக் கிளம்பி, மேற்கு அல்லது தென்மேற்கிலிருந்து 30 முதல் 50 நாட் (மணிக்கு அத்தனை கடல்மைல்) வேகத்தில் அடித்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

பினாங்கு வரையும், அங்கிருந்து பங்கோர் வரையும் பகலிலேயே ஓட்டி முடித்தார்கள். பங்கோரிலிருந்து போர்ட் கிள்ளான் சுமார் 80 கடல்மைல். 5 நாட் வேகத்தில் 16 மணி நேரம். அதிகாலையில் கிளம்பினால் பெருந்துறைமுகத்தின் வாயிலை இருட்டில் அடைய வேண்டும். கரைப்பக்கம் விளக்கில்லாத மீன்வலைகள், வெளிப்பக்கம் கப்பல் தடம். பிற்பகல் 4 மணிக்குக் கிளம்பினால் வெளிச்சத்தில் போய்ச் சேரலாம். பிற்பகலைத் தேர்ந்தார்கள். துறைமுக வாயிலை மட்டும் நினைத்தால் அது சரி. ஆனால் சூறைக்காற்று வரும் நேரத்தில் அவர்களை நடுக்கடலில் நிறுத்தியதும் அந்தக் கணக்குதான்.

அதிகாலை 4.20: மேற்கே மின்னல் வரிசை, சட்டென்று குளிர்ந்த காற்று. காற்று ஏறுமுன்பே பெரும்பாயை இரண்டாம் ரீஃப் (பாயைச் சிறிதாக்கும் மடிப்பு) வரை குறைத்து, முன்பாயை மூன்றில் ஒரு பங்காகச் சுருட்டினார்கள். மூவரும் உயிர்காப்பு உடையோடு, இடுப்புக்கயிற்றை டெக்கின் நெடுக்குப் பட்டையில் மாட்டியிருந்தனர். சுக்கான் மனைவியின் கையில்; படகு தென்கிழக்கே போகிறது; காற்று தென்மேற்கிலிருந்து வலப்புறத்தில் நேராக. மானியில் 38 நாட்.

முறிவு

காற்று ஏறிச் சில நிமிடங்களில் வெடிச்சத்தம் போல ஒன்று கேட்டது. தலைவிளக்கு வெளிச்சத்தில் கண்டது: வலப்புறப் பின்சாய்வுக் கீழ் ஷ்ரவுட் தளர்ந்து ஆடுகிறது; அதன் நுனியில் டர்ன்பக்கிளும், ஒடிந்த பட்டைத் துண்டும் தொங்கி டெக்கை அடிக்கின்றன. மரத்தின் நடுப்பகுதி ஒவ்வோர் அலைக்கும் இடப்புறமாகப் பிதுங்கி மீள்கிறது. அதைத் தாங்கி நின்றது முன்சாய்வுக் கீழ் ஷ்ரவுட் ஒன்றே.

எது அறுந்தது என்பதைப் பொறுத்தே படகை எங்கே திருப்புவது என்பது. பக்க ஷ்ரவுட் போனால், காற்று மறுபக்கம் வரும்படி உடனே திருப்ப வேண்டும். சுமை நல்ல பக்கத்துக்கு மாறிவிடும். முன் ஸ்டே போனால் காற்றுக்கு முதுகு காட்டி ஓட வேண்டும், பின் ஸ்டேயும் பெரும்பாயும் மரத்தைப் பிடித்துக்கொள்ளும். பின் ஸ்டே போனால் காற்றுக்கு முகம் காட்டிப் பெரும்பாயின் ஷீட்டை (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) இறுக்க வேண்டும். இதை யோசித்துக் கண்டுபிடிக்க அந்த நேரத்தில் அவகாசம் இருக்காது. நண்பர் இதைப் பங்கோரில் நங்கூரமிட்டிருந்தபோதே இருவருக்கும் சொல்லி வைத்திருந்தார்.

மறுபக்கம் திருப்புவதிலும் இரண்டு வழி. காற்றை முதுகுப்பக்கமாகக் கடந்தால், பெரும்பாயின் அடித்தண்டான பூம் ஒரே வீச்சில் குறுக்கே பாய்ந்து அடிக்கும். பலவீனப்பட்ட மரத்துக்கு அந்த அதிர்ச்சி ஆகாது. ஆகவே காற்றை முகப்பக்கமாகக் கடந்தார்கள். மனைவி பெரும்பாயின் ஷீட்டை விடுவித்து, படகை வலப்பக்கம் திருப்பினார். முன்பாயின் ஷீட்டை விடுவிக்கவில்லை. அதனால் படகு மறுபக்கம் திரும்பியதும் முன்பாய் எதிர்க்காற்று வாங்கி, படகு ஏறக்குறைய நின்றது. காற்று இப்போது இடப்புறம். வலப்புற வடங்கள் தளர்ந்தன. ஹீவ் டு என்கிற இந்த நிலையில் டெக்கின் ஆட்டம் குறைந்து, பெரும்பாயை இறக்கி பூமோடு கட்ட முடிந்தது.

எஞ்சினை அதுவரை தொடவில்லை. தண்ணீரில் கயிறு ஏதும் தொங்கவில்லை என்று இருபுறமும் விளக்கடித்துப் பார்த்த பிறகே இயக்கினார்கள். இந்த ஒழுங்கைப் பாராட்ட வேண்டும். பாய்க் கயிறு புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால் மரமும் இல்லை, எஞ்சினும் இல்லை என்றாகிவிடும்.

தற்காலிகப் பிடிமானம்

ஆறு மணிக்குக் காற்று 12 நாட்டுக்கு இறங்கியது. யாரும் மரத்தில் ஏறவில்லை. செய்தது இது:

உபரி ஹாலியார்டின் (பாயை மேலேற்றும் கயிறு) நுனியை வலப்புற விளிம்புத் துளையில் ஷேக்கிளால் பூட்டி, விஞ்சில் (கயிற்றை இறுக்கும் சுழல் உருளை) இறுக்கினார்கள். இது கேப் ஷ்ரவுட்டுக்குத் துணை. பிறகு 6 மி.மீ. டைனீமா எனும் உறுதியான செயற்கை இழைக் கயிற்றில் மரத்தைச் சுற்றி ஒரு தளர்வான வளையம் கட்டி, பெரும்பாயின் ஹாலியார்டை அதில் மாட்டி, கீழ் ஷ்ரவுட்கள் மரத்தைப் பிடிக்கும் இடம்வரை ஏற்றினார்கள். ஹாலியார்டை அப்படியே கட்டிவைத்தால் வளையம் கீழே வழுகாது. டைனீமாவின் மறுமுனை வலப்புற முன்பாய்த் தண்டவாளத்தின் பின்பகுதிக்கு வந்து, அங்கிருந்து கப்பி வழியாக விஞ்சுக்குப் போனது. அறுந்த ஷ்ரவுட்டின் கோணத்துக்கு இது கிட்டத்தட்டச் சமம். மரம் நேராக நிற்கும் அளவுக்கு மட்டுமே இறுக்கினார்கள். தண்டவாளத்தின் போல்ட்டுகள் மேல்நோக்கிய இழுப்புக்காகப் போட்டவை அல்ல.

பாயில்லாமல் எஞ்சினில் 4 நாட் வேகத்தில் ஓட்டி, முற்பகல் 11 மணியளவில் போர்ட் கிள்ளான் பக்கம் சேர்ந்தார்கள்.

கழற்றியபோது தெரிந்தவை

மரத்தை மறுபடி இறக்கி, இந்த முறை அலமாரிகளை அறுத்தார்கள். பட்டை ஒடிந்த இடம் டெக்கின் மேல்தளத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே. ஒடிந்த முகத்தில் பெரும்பகுதி கரும்பழுப்பு, அதாவது பழைய விரிசல். ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் வெள்ளிநிறம். அன்றிரவு ஒடிந்தது அந்தக் கீற்று மட்டுமே. அதற்கு முன்பே பட்டையின் ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டிருந்தது. புது வடத்தை முறைப்படி இறுக்கிய இழுவிசை, எஞ்சியிருந்த அந்தச் சிறு பகுதியின் மேல்தான் இரண்டு மாதமாக நின்றிருக்கிறது.

மற்ற ஐந்து பட்டைகளுக்கும் சாய ஊடுருவல் சோதனை செய்தார்கள். உலோகத்தைத் துடைத்து, சிவப்புச் சாயம் தெளித்து, பத்து இருபது நிமிடம் விட்டு, மேற்பரப்பைத் துடைத்தெடுத்து, வெள்ளை டெவலப்பரைத் தெளித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு ஊறி வரும். இரண்டில் கோடுகள் வந்தன. அவற்றில் ஒன்று வலப்புறக் கேப் ஷ்ரவுட்டின் பட்டை. அன்று அது ஒடிந்திருந்தால், படகைத் திருப்ப நேரமே இருந்திருக்காது.

வலப்புறத் தடுப்புப் பலகையின் மேல்விளிம்பும் போல்ட்துளைகளைச் சுற்றிக் கைநகத்தால் கிள்ளும் அளவுக்கு மக்கியிருந்தது.

சீரமைப்பு

படகின் உடலுக்கு வெளியே பட்டைகளைப் போட்டுவிடலாம் என்ற யோசனை வந்தது. கசிவுப் பிரச்சினை ஒழியும், எப்போதும் கண்ணில் தெரியும். ஆனால் இந்தப் படகின் பக்கச்சுவர் அந்தச் சுமைக்காகக் கட்டியதல்ல. உள்ளே புதிதாக வலுவூட்ட வேண்டும், ஷ்ரவுட்கள் விரிவதால் முன்பாயை உள்ளே இழுத்து ஓட்டும் கோணமும் கெடும். பழைய இடத்திலேயே புதிய பட்டைகள் போட முடிவானது.

பழையதைவிட 1 மி.மீ. கனம் கூட்டி, 316எல் தரத்தில் ஆறு பட்டைகள். வெட்டிய விளிம்புகளையும் துளைகளையும் மெருகேற்றியவை. கரடான பரப்பில்தான் இடுக்கு அரிப்பு சுலபமாகப் பற்றும். மக்கிய தடுப்புப் பகுதியை வெட்டி எடுத்து, மரைன் பிளை வைத்து எப்பாக்சியும் கண்ணாடி நாரும் கொண்டு பழைய பலகையோடு பிணைத்தார்கள். டெக்கின் துளையைப் பெரிதாக்கி, ஈரப் பால்சாவை 4 செ.மீ. வரை சுரண்டி, உலர்த்தி, கெட்டியாகக் கலந்த எப்பாக்சியால் நிரப்பி, அதற்குள் பட்டைக்கான வாயை அறுத்தார்கள். இனிச் சீலண்டு என்றாவது கசிந்தாலும் தண்ணீர் உள்மரத்தைத் தொடாது. மேல்விளிம்பைச் சரிவாகச் சீவி பியூட்டைல் டேப்பை அழுத்தி, மேலே மூடித்தகடு. இறுகிப்போகும் ரப்பர் பசைகளைத் தவிர்த்ததற்குக் காரணம், மறுபடி கழற்ற வேண்டும் என்பதே.

அலமாரிகளின் பின்பலகையைப் பசைபோட்டு ஒட்டாமல் திருகாணியால் பூட்டினார்கள். இந்த முழுப் பழுதுபார்ப்பில் மிகவும் பாராட்டத்தக்க வேலை அதுதான்: ஒரு திருகுளியும் பத்து நிமிடமும் இருந்தால் ஆறு பட்டைகளின் போல்ட்டுகளையும் பார்த்துவிடலாம்.

காப்பீட்டில் எதுவும் கிடைக்கவில்லை. படிப்படியான அரிப்புச் சேதம் ஒப்பந்தத்தில் விலக்கப்பட்டிருந்தது.

இனி மாற்றவேண்டியவை

முதலில் வேலையின் வரிசை. பழைய படகில் ரிக்கிங் வேலை அடியிலிருந்து மேலே போகவேண்டும்: தடுப்புப் பலகை, பட்டை, ஊசி, டர்ன்பக்கிள், கடைசியில் வடம். பணம் ஒரே தடவையில் போதாது என்றால், எட்டு வடங்களையும் மாற்றிவிட்டுப் பட்டைகளை விடுவதைவிட, பட்டைகளைக் கழற்றிப் பார்த்துவிட்டு வடங்களில் பாதியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். வடம் சாகும்போது பெரும்பாலும் முனைக்கு அருகில் ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டு முன்கூட்டியே காட்டும். டெக்குக்குள் இருக்கும் பட்டை எதையும் காட்டாது.

இரண்டாவது, கறை. தடுப்புப் பலகையில் பழுப்புக் கறையும் டெக்கில் ஈரமானி அளவும் ஒரே பட்டையின் மேலும் கீழும் இருந்தன. அறிக்கையில் அவை வெவ்வேறு பக்கங்களில், தச்சுக் குறைபாடுகளின் பட்டியலில் கிடந்தன. அந்த இரண்டு வரியையும் சேர்த்து வாசித்திருந்தால், கழற்றிப் பார்ப்பது நல்லது என்ற பரிந்துரை கழற்றாமல் புறப்படக்கூடாது என்றாகியிருக்கும்.

படகில் இருந்த பொருட்களில் டைனீமா சுருளும் உபரி ஹாலியார்டும் மரத்தைக் காப்பாற்றின. இல்லாதது வடம் வெட்டும் ஹைட்ராலிக் கட்டர். மரம் விழுந்திருந்தால் அதன் ஒடிந்த முனை படகின் பக்கத்தை இடித்துத் துளையிடும் முன் வடங்களை அறுத்துவிட வேண்டும், 7 மி.மீ. வடத்தை ரம்பத்தால் ஆடும் டெக்கில் அறுப்பது நீண்ட வேலை. இப்போது கட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். கூடவே மிக நீளமான ஸ்டேயின் அளவுக்கு ஒரு உபரி வடமும், தனிக் கருவியின்றி இரண்டு ஸ்பானரால் மட்டும் பூட்டக்கூடிய ஸ்டா-லாக் வகை முனைகள் இரண்டும்.

சுமத்ராஸ் காலத்தில் பங்கோர்–கிள்ளான் கட்டத்தை இரவில் கடப்பதா என்பதில் மூவருக்கும் இன்னும் ஒத்த கருத்து இல்லை. இருட்டில் துறைமுக வாயில் மோசமா, இருட்டில் சூறைக்காற்று மோசமா என்பது ரேடார் உள்ள படகுக்கும் இல்லாத படகுக்கும் வேறுபடும். இந்தப் படகில் ரேடார் இல்லை.

பின் ஸ்டேயின் பட்டையைப் போர்ட் டிக்சனில் கழற்றிப் பார்த்தார்கள்; அது பின்புறச் சுவருக்கு வெளியே இருந்ததால் சுத்தமாக இருந்தது. முன் ஸ்டேயைப் பிடிக்கும் முன்முனைத் தகட்டின் அடிப்பகுதி நங்கூரச் சங்கிலி அறைக்குள் ஈரத்திலேயே கிடப்பது. அதைக் கழற்ற அடுத்த கரையேற்றத்தைக் குறித்திருக்கிறார்கள். அதுவரை 20 நாட்டுக்கு மேல் காற்று சொல்லும் நாளில் படகை வெளியே எடுப்பதில்லை.